சிட்டம் பிடித்த கை

ரைட்டர் தேவசிகாமணி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒரு முழம் இடைவெளி விட்டு, கட்டைவிரல்களை மட்டும் தூக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விலங்கு மாட்ட வந்த போலீஸ்காரருக்கு ஒத்தாசை செய்கிற மாதிரி இருந்தது. மணிக்கட்டுகளைச் சுற்றிக் கம்பளி நூல் சிட்டம் கிடந்தது. எதிரே முக்காலியில் அவர் மனைவி தேவகுமாரி டீச்சர் நுனியை இழுத்து இழுத்துக் கண்டாகச் சுற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாலு மணிதான். அதற்குள் தலைச்சோலைப் பக்கமிருந்து பனி ஏறி வந்து சில்வர் ஓக் மரங்களை இடுப்புவரை தின்றிருந்தது. கணப்புச் சட்டியில் காப்பிக் கட்டை கனன்றது. மார்கழி பிறக்க இன்னும் மூன்று நாள். கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு.

முப்பத்திரண்டு வருஷம் எஸ்டேட்டில் ஹெட் ரைட்டராக இருந்தவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் வாயால் பேர் கூப்பிட்டால்தான் நூற்றுநாற்பது பேருக்கு அன்றைக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். எண்பத்தொன்றில் ரிட்டையர் ஆனார். உத்தியோகக் கோட்டு மட்டும் ரிட்டையர் ஆகவில்லை. சபைக் கமிட்டியின் செயலாளர் பதவி கையில் இருந்ததால், இரண்டு வருஷமாக அதை வைத்துக்கொண்டு ஊரை ஒரு மாதிரி சமாளித்து வந்தார். அவர் ஜெபம் செய்ய எழுந்தால் பின்பெஞ்சுக்காரர்கள் காலைத் தளர்த்தி உட்கார்ந்துகொள்வார்கள். டீச்சருக்கு அதன் நீளம் துல்லியமாகத் தெரியும். பாதிரி ஐயர் ஜெபம் என்றால் ஸ்வெட்டரில் நாலு வரிசை ஏறும். ரைட்டர் ஜெபம் என்றால் பதினொன்று.

டீச்சர் மிஷன் பள்ளியில் கைத்தொழில் பாடம் எடுத்தவர். ஐப்பசி பிறந்ததும் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கம்பளிக்காரர் ஒரு சாக்கு ஆட்டுமயிர் கொண்டுவந்து போடுவார். அன்றிலிருந்து டீச்சருக்குக் குளிர்காலம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, முள்ளும் புழுக்கையும் பொறுக்கி, வெயில் கிடைக்கிற நாளில் களத்து ஓரமாகக் காயப்போடுவார். பிறகு சிக்கெடுத்துப் பஞ்சு மாதிரி பிரித்து மடியில் வைத்துக்கொண்டு தக்கிளியைச் சுழற்றி விடுவார். தக்கிளி சுழன்று தரையைத் தொடுகிறவரை ஒரு நினைப்பு. நூற்றதைக் கதிரில் சுற்றி மறுபடி சுழற்றி விடும்போது அடுத்த நினைப்பு. இப்படி முறை போட்டு நினைத்ததால் எந்தக் கவலையும் அவரை ஒரேயடியாக அமுக்கியதில்லை. மயிரில் இருக்கிற ஆட்டுநெய் ஒட்டி, பனியில் வெடித்த விரல்களெல்லாம் அந்த இரண்டு மாதம் மெத்தென்று ஆகிவிடும். மயிரின் வாசனை வீட்டிலேயே நிற்கும். வருகிறவர்கள் மூக்கைச் சுளித்தால் டீச்சர் அதைக் கண்டுகொள்வதில்லை.

நூல் என்னவோ கறுப்பு, முரடு. ரைட்டரின் மப்ளர் அவர் கழுத்தை நவம்பர் முதல் பிப்ரவரிவரை அறுத்துக்கொண்டிருக்கும். சொறிந்துகொண்டே அதைப் பற்றிப் பெருமையாகவும் பேசுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் ஞானசுந்தரி, சேலத்தில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், ரிஜிஸ்டர் ஆபீஸில் அண்ணாதுரையைக் கட்டிக்கொண்டாள். அண்ணாதுரை பஸ் டிப்போவில் பிட்டர். இதே எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்தவன். அவனுடைய அப்பா சித்தன் பேரை ரைட்டர் தினமும் காலையில் கூப்பிட, சித்தன் கைகட்டி நின்று ‘சாமி’ என்று சொல்லியிருக்கிறார். கோபம் வருகிறவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், ரெண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார்கள். ரைட்டர் கமிட்டியைக் கூட்டினார். முதல் தீர்மானம், மணிக்கூண்டுக்கு வெள்ளையடிப்பது. இரண்டாவது, கல்லறைத் தோட்டத்து வேலி. மூன்றாவது, ஆர்மோனியப் பெட்டிக்குத் துருத்தி மாற்றுவது. நான்காவது, செயலாளரின் மகள் இனி அவர் வாசல்படி மிதிப்பதில்லை என்பதைச் சபை வருத்தத்துடன் பதிவு செய்கிறது. முன்மொழிந்தவரும் அவர்தான், நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதியவரும் அவர்தான். மற்றவர்கள் டீ ஆறுகிறதே என்று வழிமொழிந்தார்கள்.

இப்போது, நாலு நாளாக, ஞானசுந்தரி எட்டு மாதக் குழந்தையோடு மாமியார் பொன்னாயி வீட்டில் இருக்கிறாள். வருஷப் பிறப்புவரை இருப்பாளாம். லைன் வீடு இங்கிருந்து பத்து நிமிஷ நடை. எஸ்டேட் முழுக்கத் தெரிந்த இந்தச் செய்தி இந்த ஒரு வீட்டில் மட்டும் யாருக்கும் தெரியாது என்கிற பாவனையில் நாலு நாளும் சோறு பரிமாறப்பட்டது. டீச்சர் நினைத்தால் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். போகவில்லை. தீர்மானத்துக்குப் பயந்து அல்ல. திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வந்தால் அதுவே வழக்கமாகிவிடும். மகள் காலம் முழுக்கப் பின்பக்கத்து மகளாகவே இருந்துவிடுவாள். அவள் முன்வாசல் வழியாக வர வேண்டும். எழுதியவர்தான் அழிக்க வேண்டும்.

குழந்தைக்கு அளவு மட்டும் கேட்டுவிடலாமென்று தண்ணீர்க் குழாயடியில் பொன்னாயியை நிறுத்தினார். பொன்னாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: “அளவெல்லாம் எனக்குத் தெரியாதுங்க டீச்சரம்மா. கண்ணால பாத்துக்கறதுதானுங்க.” வந்து பார் என்பதை இவ்வளவு மரியாதையாகவும் சொல்ல முடிகிறது.

சிட்டம் பாதி குறைந்திருந்தது. ரைட்டர் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினார். வழக்கமாக இந்நேரத்துக்கு அரிப்புத் தாங்காமல் ரெண்டு தடவை அலுத்துக்கொண்டிருப்பார்.

“என்ன நூலு புள்ளே இது? குத்தவே மாட்டேங்குது.”

“ஆட்டு நூலுதானுங்க. குட்டி ஆடு, மொதக் கத்திரிப்பு. கழுத்தடியில இருக்கறத மட்டும் பொறுக்கி நூத்தனுங்க.”

கழுத்தடி மயிரைப் பொறுக்கிப் பத்து நாள் நூற்று யாரும் புருஷனுக்கு மப்ளர் போடுவதில்லை என்பது ரைட்டருக்கும் தெரியும். வேறு சமயமாக இருந்தால் தொண்டையைச் செருமி எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போயிருப்பார். சிட்டம் பிடித்துக்கொண்டு எழ முடியாது. எழுபத்தொன்றில் ஒரு தரம் கையில் சிட்டத்தோடு எழுந்து போஸ்ட்மேனைப் பார்க்கப் போய், சிக்கெடுக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் வீட்டில் ரசம்தான். இந்த எஸ்டேட்டில் ரைட்டர் எழுந்து போக முடியாத ஒரே இடம் அந்த நாற்காலி என்பதை டீச்சர் பல வருஷமாக அறிந்தவர். இதுவரை அதைப் பயன்படுத்திக்கொண்டதில்லை.

“ஞானம் வந்திருக்கறா. லைன்ல.”

ரைட்டர் மோட்டுவளையைப் பார்த்தார். தொண்டை ஆயத்தமாகியது. சபை முன்னால் தான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பதாகவும், வார்த்தை என்பது எப்பேர்ப்பட்டது என்பதாகவும், பதிவில் ஏறிய ஒன்றை மனுஷன் இஷ்டத்துக்கு மாற்றினால் நாளைக்குச் சபையை யார் மதிப்பார்கள் என்பதாகவும் ஆரம்பித்தார். கையை ஆட்டிப் பேசியே பழக்கப்பட்டவருக்குக் கை கட்டுண்டு கிடந்ததால் பேச்சு பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கியது.

“தெரியுமுங்க. நாலாவது தீர்மானம்,” என்றார் டீச்சர், சுற்றுவதை நிறுத்தாமல். “மூணாவது ஆர்மோனியப் பொட்டி. அதுக்கு இன்னும் துருத்தி வந்தபாடில்லீங்க.”

பிறகு கண்டை மடியில் வைத்துவிட்டு, கூடையிலிருந்து ஊசியோடு ஒரு பின்னலை எடுத்தார். ஒரு ஸ்வெட்டரின் முன்பக்கம். கறுப்பு என்று சொல்ல முடியாத, ஈர மண்ணின் நிறம். கழுத்து மட்டும் முடிக்க வேண்டியிருந்தது. எட்டு மாதக் குழந்தைக்கு இன்ன அளவு என்று பழைய பாடப் புஸ்தகத்தில் போட்டிருந்ததாம், அந்தப்படியே பின்னிவிட்டாராம். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, தனக்குத்தானே சொல்கிற மாதிரி, சரியாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது, ராத்திரிக்குள் கழுத்தை முடித்துவிடலாம் என்றார்.

ரைட்டர் மோட்டுவளையை விட்டு இறங்கி ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு நேராகவே பார்த்தார். பெரட்டுக் களத்தில் ஒரு பிழை கண்ணில் பட்டால் சொல்லாமல் அவரால் இருக்க முடிந்ததில்லை.

“கழுத்து பத்தாது.”

டீச்சர் பின்னலை இறக்காமல் பிடித்திருந்தார்.

“தல பெருசு. இதுக்குள்ள நுழையாது.”

கணப்பில் ஒரு கட்டை விரிகிற சத்தம் கேட்டது. சொன்னது என்னவென்று ரைட்டருக்கே அப்புறம்தான் உறைத்தது. அவர் முகம் இருந்த விதத்தை டீச்சர் பார்க்காமல், மெதுவாகப் பின்னலை மடியில் பரப்பி நீவினார். ரோட்டில் நடந்து போகும்போது, லைன் களத்து வெயிலில் குழந்தையைச் சாக்கு விரித்துப் போட்டிருந்தார்கள், தான் ஒன்றும் அதற்காகப் போகவில்லை, கண்ணில் பட்டது என்று ரைட்டர் விளக்கினார். களம் இருப்பது ரோட்டில் அல்ல. லைன் வீடுகளுக்கு இறங்கிப் போகிற பாதையில். அதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

“ஆரு சாடைங்க?”

“நெத்தி நம்மூட்டு நெத்தி,” என்றார் ரைட்டர். கமிட்டியில் யாருக்கும் தெரியாத குரல் அது.

டீச்சர் ஊசியை உருவினார். முடிக்க இருந்த கழுத்தை நாலு வரிசை, ஆறு வரிசை, எட்டு வரிசை பிரித்தார். பிரிகிற நூல் நெளிநெளியாக மடியில் விழுந்தது. பிறகு மறுபடி கண்டைக் கையில் எடுத்துச் சிட்டத்தை இழுக்க ஆரம்பித்தார். மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது.

“போட்டுப் பாக்காம கழுத்து முடிக்க முடியாதுங்க. நானு அங்க போகட்டுமா, அவ கொழந்தையோட இங்க வரட்டுமா?”

தீர்மானத்தை ரத்து செய்யக் கமிட்டி கூட வேண்டும் என்றார் ரைட்டர். ஐயர் ஊருக்குப் போயிருக்கிறார், ஒருவருக்கு இடுப்பு வலி, எப்படியும் ஜனவரி ஆகிவிடும்.

“சனவரிக்குள்ள கொழந்த வளந்துருமுங்க.”

கடைசிச் சுற்று இடது மணிக்கட்டிலிருந்து கழன்று, வலதிலிருந்து நழுவி, கண்டோடு போய்ச் சேர்ந்தது. கோட்டு ஆணியில் தொங்கியது. கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பனி படிவரைக்கும் வந்திருந்தது. ரைட்டர் எழவில்லை. வெறும் கைகளைக் கீழேயும் போடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி திருப்பி, கொஞ்சம் நெருக்கினார். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் நெருக்கினார். பிறகு ஒரு விரற்கடை விட்டுக் கொடுத்தார்.

“மாரு இவ்வளவு இருக்கும்,” என்றார்.

டீச்சர் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் மண்டியிட்டார். அசையாதீங்க என்றார். அவர் அசையவில்லை. உள்ளே ஒன்றுமில்லாத அந்த இடத்தை, அழுத்தினால் வலிக்கும், விட்டால் விழுந்துவிடும் என்பது போல, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.