ஞாயிற்றுக்கிழமைக்குள் அணைய வேண்டிய விளக்கு

ரேணுகா இறந்துபோன பிறகு, காரின் ட்யூனிங்கை முதல்முறையாக நானே செய்தேன். பன்னிரண்டு வருடம் பானட்டுக்குள் கையை விட்டு வேலை பார்த்தவள் அவள். நான் டார்ச் பிடித்த கணவன். பிளக், ஆயில், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றினேன். மூன்றாம் நாள் மீட்டரில், கோளாறைக் காட்டும் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தது.

மகள் சௌம்யா அம்பத்தூர் ஃபிளாட்டில் இருக்கிறாள். காரை விற்று, திருநின்றவூர் வீட்டைப் பூட்டி, என்னை அங்கே அழைத்துக்கொள்வது அவள் திட்டம். விளக்கு எரிவதைப் போனில் அவளிடம் உளறிவிட்டேன். ஞாயிறு காரைப் பார்க்க ஆள் வருவதாக உடனே சொன்னாள். அதற்குள் அணைந்துவிட்டால் என்று கேட்டேன்.

"அணைஞ்சா வண்டியப் பத்தியும் பேசமாட்டேன், வீட்டப் பத்தியும் பேசமாட்டேன். ஆனா பல்பக் கழட்டிட்டு அணைஞ்சிடுச்சுன்னு சொல்லக்கூடாதுப்பா."

செவ்வாய்க்கிழமை பூந்தமல்லியில் ரேணுகாவுக்குப் பழக்கமான மெக்கானிக் ஹாஜா மொய்தீனிடம் போனேன். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சார் தப்பான கணக்குக் கொடுக்கிறது என்றார். ஸ்கேனரிலேயே விளக்கை அணைத்துக் கொடுத்தார். பட்டாபிராம் தாண்டும் முன்பே அது திரும்ப எரிந்தது. மறுநாளும் போய் நின்றேன். புது சென்சார் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"புச்சு போட்டாலும் ரெண்டு நாள்ல எரியும் சார். போற காத்துலதான் இன்னாவோ கீது. நீங்க இன்னா பண்ணீங்கன்னு யோசிங்க."

பிரித்துப் பார்க்கட்டுமா என்றார். நான் பூட்டியதை நானே பிரிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இரண்டு நாள் குழாய்களில் சோப்பு நுரை தடவிக் காற்று கசிகிறதா என்று பார்த்தேன். பிளக்குகளைக் கழற்றி மாட்டினேன். விளக்கு அணையவில்லை. சனிக்கிழமை காலை ஒரு தாளில் ரேணுகா செய்யும் வேலைகளை வரிசையாக ஒரு பக்கம் எழுதினேன், நான் செய்தவற்றை மறுபக்கம். டார்ச் பிடித்தவனுக்கு எல்லாம் நினைவிருந்தது. கடைசி வரி மட்டும் ஒத்துப்போகவில்லை. எலி ஒயரைக் கடிக்காமலிருக்க, அவள் என் பழைய வேட்டித் துணியில் புகையிலையை முடிந்து பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டுவாள். நான் ஃபில்டர் பெட்டிக்குள் எலிப் புழுக்கையைப் பார்த்துவிட்டு, எலி வந்த இடத்திலேயே புகையிலையும் இருக்கட்டும் என்று மூட்டையை உள்ளே வைத்து மூடியிருந்தேன். அதுவும் ஃபில்டரைத் தாண்டி, வடிகட்டிய காற்று எஞ்சினுக்குப் போகும் பக்கம்.

பெட்டியைத் திறந்தேன். இற்றுப்போன துணி பிரிந்து கிடந்தது. சென்சாரின் மெல்லிய கம்பியில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை வாங்கிவந்து கழுவினேன். பெட்டியை மூலை மூலையாகத் துடைத்தேன். மறுபடி பூந்தமல்லிக்குப் போனதும், ஹாஜா மொய்தீன் கதையைக் கேட்டுக்கொண்டே விளக்கை அணைத்தார்.

"எலிக்கு வெச்ச பொகையிலய வண்டி போட்டுக்கிச்சா சார்?"

மறுநாள் சௌம்யா வந்தாள். திருவேற்காடு வரை ஓட்டச் சொல்லி முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, மீட்டரையே பார்த்தாள். பட்டாபிராமில் என்னையறியாமல் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்தது. விளக்கு எரியவில்லை. திருவேற்காட்டிலும் எரியவில்லை, திரும்பி வரும்போதும் இல்லை.

வீட்டு வாசலில் என்னதான் கோளாறு என்று கேட்டாள். சென்சார் என்று சொல்லி முடித்திருக்கலாம். புகையிலையை நான் தப்பான இடத்தில் வைத்தேன் என்றேன். அவள் பதில் சொல்லுமுன் அவள் போன் அடித்தது. காரைப் பார்க்க வரவிருந்தவர்.

"இல்லைங்க, விக்கல. அப்பா ஓட்டிட்டிருக்காரு."

பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னாள். பேட்டரிக்குப் பக்கத்தில் நான் கட்டியிருந்த புது மூட்டையை இழுத்துப் பார்த்தாள். முடிச்சு தளர்வாக இருப்பதாகச் சொல்லி, அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.