தீராத வயிற்று வலி

“வயித்து வலின்னு போட்டுடும்மா” என்று அப்பா தனகோடி சொன்னபோது, பூர்ணிமா ‘எனது இளைய மகள் ஸ்வேதா’ என்பது வரை எழுதியிருந்தாள்.

பேனா அங்கேயே நின்றது. பிணவறைக்கு எதிரே மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அவள் மடியில் பரீட்சை அட்டையும் வெள்ளைத் தாளும் இருந்தன. கொடுத்தவர் ஏட்டு ஜான்சன். “நீயே எழுதிடும்மா. தெனம் பாக்கற வேலதானே உனக்கு. அப்பா சொல்லட்டும், கையெழுத்த மட்டும் அவரு போடட்டும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

ஜான்சனுக்கு அவளைத் தெரியும். மூன்று வருடமாகப் போலீஸ் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். ஸ்டேஷன்களிலிருந்து வரும் மரண விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். பெயர், வயது, காரணம். காரணத்துக்கு நேரே கட்டங்கள் இருக்கும். ‘தீராத வயிற்று வலியால் தூக்கிட்டு’ என்று வந்தால் அது ‘நோய்’ என்ற கட்டத்துக்குப் போகும். இருபத்து மூன்று வயது, கல்யாணமானவள், வயிற்று வலி. முப்பத்தொன்று, இரண்டு குழந்தைகள், வயிற்று வலி. சேர்ந்த புதிதில் ஒருநாள் அவள் பிரிவு அதிகாரியிடம், “நம்ம பக்கம் பொம்பளைங்களுக்கு மட்டும் ஏன் சார் இவ்ளோ வயித்து வலி?” என்று கேட்டாள். அவர் நிமிரவில்லை. “வந்தத ஏத்தும்மா” என்றார்.

போன ஆண்டு கல்லூரியிலிருந்து ஆய்வுக்காக ஒரு பெண் வந்தாள். புருஷனோ புருஷன் வீட்டாரோ கொன்ற பெண்கள் எத்தனை பேர் என்று தனியாகக் கிடைக்குமா என்று கேட்டாள். “அப்படி ஒரு கட்டம் எங்க ஃபாரத்துல இல்லைங்க மேடம்” என்றாள் பூர்ணிமா. அந்தப் பெண் அந்தப் பதிலையே நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

“அவளுக்கு ஏது நைனா வயித்து வலி?”

தனகோடி குடியாத்தத்தில் முப்பது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகிய குரல். இன்று அவர் பேசியது பக்கத்தில் இருந்தவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“அங்க பாரு” என்றார்.

கேட் ஓரமாக ஒரு வெள்ளை கார் நின்றது. அதில் சாய்ந்துகொண்டு வீரபாகு, ஸ்வேதாவின் குழந்தைக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தான். ஸ்வேதாவின் புருஷன் நவநீதனின் அண்ணன். நவநீதன் வரவில்லை. பெண்டாட்டி செத்த அதிர்ச்சியில் ஆலங்காயத்தில் வீட்டோடு படுத்திருக்கிறான் என்றார்கள்.

“காலைலயே பேசிட்டான். கேசு கீசுன்னு போவாம இருந்தா பாப்பாவ நாமளே வெச்சிக்கலாமாம். இல்லன்னா கண்ணுலயே காட்ட மாட்டாங்க பூர்ணி. போனவ போய்ட்டா. இருக்கற உசுர நாம பாக்கணும் இல்ல?”

ஒன்பது நாளுக்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து பூர்ணிமாவுக்குப் போன் வந்தது. ஸ்வேதாதான். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவளுக்கு சூப்பர்வைசர் வேலை கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதிலிருந்து நவநீதனுக்குச் சந்தேகம். கம்பெனி வேன் பத்து நிமிடம் தாமதமானாலும் அடி. அவளுடைய போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டான். அன்று பக்கத்து மெஷின் வஹீதாவின் போனிலிருந்து பேசினாள்.

“அக்கா, உங்க ஆபீஸாண்ட ஒரு ரூம் பாரேன். பாப்பாவ கூட்டிக்கினு வந்துடறேன். இங்க ரொம்ப பேஜாரா இருக்குது.”

“யூகேஜி முடிய இன்னும் ஒன்றரை மாசம்தானே இருக்குது? லீவு உடட்டும்டி. அப்புறம் பாக்கலாம்.”

“சரிக்கா. பெல் அடிச்சிட்டாங்க” என்று வைத்துவிட்டாள்.

ஜான்சன் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். “கல்யாணம் ஆயி எத்தன வருஷம்?”

“ஏழு வருஷம் நாலு மாசம்” என்றார் தனகோடி.

“அப்ப சரி. ஏழுக்குள்ளன்னா ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வரணும், லேட்டாகும். தாண்டிடுச்சி. சாயந்தரத்துக்குள்ள பாடிய வாங்கிடலாம்.”

ஸ்வேதா நான்கு மாதம் கூடுதலாகத் தாக்குப்பிடித்துவிட்டாள். பூர்ணிமா குனிந்து எழுதினாள். தீராத வயிற்று வலி காரணமாக மனமுடைந்து. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவளுடைய மரணத்தில் எங்களுக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை. ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் வரவில்லை. தனகோடி கீழே கையெழுத்துப் போட்டார். ஜான்சன் ஒருமுறை படித்துப் பார்த்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதுவரை காத்திருந்தவன் போல வீரபாகு வந்து குழந்தையை அவள் மடியில் உட்கார வைத்தான். “நாங்க சொன்ன வார்த்த மாற மாட்டோம் பூர்ணிமா. இனிமே உங்களாண்டயே இருக்கட்டும்.”

குழந்தையின் தலையை இன்று யாரோ பின்னியிருந்தார்கள். ஒரு சடை மேலேயும் ஒரு சடை கீழேயுமாக இருந்தது. அது அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, “பெரியம்மா, நேத்து நீ ஏன் வரல?” என்றது. பூர்ணிமா அதன் வாயோரத்து பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டாள். பாரம் மடியில் முழுதாக இறங்கியது. இனி யாரும் இதைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கே பயமாக இருந்தது.

பிணவறை வாசலிலிருந்து ஊழியர் கூப்பிட்டார். “ஸ்வேதா ஆளுங்க யாரு? பொம்பள யாராச்சும் ஒருத்தர் வாங்க. டாக்டரம்மா கூப்படறாங்க.”

குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

டாக்டர் இரம் சின்ன வயதுக்காரி. துப்பட்டாவைத் தலையில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு நாற்காலியைக் காட்டினாள். பூர்ணிமா உட்காரவில்லை.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

“அக்கா.”

“வயித்து வலின்னு ஏட்டு சொன்னாரு. எத்தன நாளா? ஸ்கேன், மாத்திரச் சீட்டு ஏதாவது இருக்கா?”

டாக்டர் காத்திருந்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

“வயித்துல ஒண்ணும் இல்லம்மா. கழுத்துல இருக்கற தடம் தூக்கு மாட்டினா வர்ற மாதிரி இல்ல. ரெண்டு கைலயும் காயம், பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. நான் பாத்தத நான் எழுதிடுவேன். ஆனா வீட்டு ஆளுங்களே நோய்னு எழுதிக் குடுத்துட்டா, நான் எழுதறது ஒரு ஓரமா கெடக்கும். இங்க அப்படி நெறைய கெடக்குது.”

“பாத்திருக்கேன் மேடம்.”

டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “வீட்ல யாராவது வேற மாதிரி சொன்னாங்கன்னா, அதையும் சேத்து இன்ஸ்பெக்டருக்கு இப்பவே அனுப்ப முடியும். ஆனா பேர் போடணும்.”

ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே சிமென்ட் பெஞ்சு தெரிந்தது. குழந்தை தாத்தாவின் மடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வீரபாகு குனிந்து தனகோடியிடம் ஏதோ சொல்ல, அவர் தலையைத் தலையை ஆட்டினார். பேசாமல் இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும். குழந்தை இன்று குடியாத்தத்தில் தூங்கும். ஜூனில் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம்.

மாதக் கடைசியில் இந்தக் காகிதம் அவள் மேசைக்கு வரும். ஸ்வேதா, வயது இருபத்தெட்டு, ஒரு பெண் குழந்தை. அதை ‘நோய்’ கட்டத்தில் வேறு யாரும் போட மாட்டார்கள். அவள்தான் போட வேண்டும்.

“அவளுக்கு வயித்து வலி இல்ல மேடம்.”

“யார் சொன்னதா எழுதட்டும்?”

“பூர்ணிமா. தனகோடியோட பெரிய பொண்ணு. அவ புருஷன் அடிப்பான். வந்துடறேன்னு எனக்கு போன் பண்ணா. நான்தான் இருன்னு சொன்னேன். வெளிய குடுத்த பேப்பர எழுதினதும் நான்தான். அதையும் சேத்து எழுதிக்கோங்க.”

டாக்டர் எழுதி முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, போனை எடுத்தாள்.

பூர்ணிமா வெளியே வந்தபோது வெயில் கண்ணில் அடித்தது. பெஞ்சுக்கு வந்து சேர்வதற்குள் ஜான்சனின் போன் அடித்துவிட்டது. “சரிங்க ஐயா, சரிங்க ஐயா” என்று நாலைந்து முறை சொன்னார். வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“இன்ஸ்பெக்டர் ஐயா வர்றாராம். பாடி இன்னிக்கி இல்ல.” பிறகு குரலை இறக்கி, “ஏம்மா, உனக்குத் தெரியாததா இதெல்லாம்?” என்றார்.

“இன்னா சொன்ன உள்ள?” என்று கேட்டார் தனகோடி.

“வயித்து வலி இல்லன்னு சொன்னேன் நைனா.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, உதறி, மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டார்.

வீரபாகுவும் சத்தம் போடவில்லை. கார் டிரைவருக்குக் கை காட்டிவிட்டு வந்து, இரண்டு கைகளையும் குழந்தையிடம் நீட்டினான். “வா கண்ணு, வீட்ல ஆயா தேடுதாம்.”

குழந்தை தாவிப் போனது. தனகோடியின் விரல்கள் அதன் கவுன் ஓரத்தைப் பிடித்தபடி இருந்தன. வீரபாகு நின்று, அந்த விரல்களையே பார்த்தான். ஜான்சன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். விரல்கள் விட்டன.

கார் கிளம்பியது. பின் கண்ணாடியில் குழந்தையின் முகம் தெரிந்தது. சீட்டின் மேல் முட்டிபோட்டு நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டே டாட்டா காட்டியது. கேட்டுக்கு வெளியே ஒரு பஸ் குறுக்கே வர, கார் நின்றது. குழந்தை இன்னும் வேகமாகக் கையை ஆட்டியது, பதிலுக்குக் காத்திருப்பது போல.

பூர்ணிமா கையை உயர்த்தி, டாட்டா காட்டினாள்.