புது மீன் வேண்டாம்

அந்தப் பல் டாக்டரின் கிளினிக்கில் மீன் செத்து யாரும் பார்த்ததில்லை. காத்திருக்கும் அறையில், நீல வெளிச்சம் போட்ட கண்ணாடித் தொட்டியில், எட்டுத் தங்கமீன்கள் எப்போதும் நீந்திக்கொண்டிருக்கும். பல் பிடுங்க வந்தவர்கள் அவற்றைப் பார்த்துக் கொஞ்சம் பயம் தெளிவார்கள். அதற்காக மீன்களுக்குச் சாகா வரம் என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் தவறாமல் செத்தன. கிளினிக் திறப்பதற்கு முன்பே மீன்காரர் பின்வாசல் வழியாக வந்து, மிதப்பதை அள்ளிக் குப்பையில் போட்டு, தொட்டியைக் கிருமிநாசினி விட்டுப் பளபளவென்று தேய்த்து, பையிலிருந்து அதே நிறத்தில், அதே அளவில் புது மீன்களை விட்டுவிட்டுப் போவார். எட்டு என்றால் எட்டு. குறையவே குறையாது.

வரவேற்பு மேசையிலும் இதே ஏற்பாடுதான். அங்கே உட்காருகிற யாரையும் டாக்டர் 'பாப்பா' என்றே கூப்பிடுவார். ஒருத்தி போனால் இன்னொருத்தி வரப்போகிறாள், பெயரை மனப்பாடம் செய்கிற தொல்லை எதற்கு? இப்போதைய பாப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது, முழங்கால் வலி, கல்லூரியில் படிக்கிற மகள். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதி நெஞ்சில் குத்திக்கொண்டாள். டாக்டர் இன்றுவரை அதைப் படிக்கவில்லை. நாமாவது அவளைப் பாப்பா என்று கூப்பிடாமல் இருப்போம்.

ஒரு நாள் பஸ் சீக்கிரம் கிடைத்து அவள் முன்னதாகவே வந்துவிட்டாள். மீன்காரரின் வலையில் நான்கு மீன்கள். மூன்று விறைத்துக் கிடந்தன. வால் கிழிந்த நான்காவது மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"இது இன்னும் சாகலையே?"

"மதியத்துக்குள்ள செத்துரும்க்கா."

"செத்ததுக்கு அப்புறம் வாங்க. இப்ப உள்ள விடுங்க."

மீன்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அதைத் தொட்டியில் விட்டுவிட்டு, மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார். "அக்கா, இந்தத் தொட்டிக்கு ரெண்டு வயசாகுது. ஆனா தண்ணி எப்பவுமே புதுசு. மீன் விடுற கழிவு அமோனியாவாகி விஷமா நிக்கும். அதைத் தின்னுற கிருமி ஒண்ணு உண்டு, அது பஞ்சுலயும் கல்லுலயும் மெதுவா வளரணும். நாமதான் வாராவாரம் தேய்ச்சுக் கழுவுறோமே, அது எங்க வளரும்?"

"தெரிஞ்சேதான் கழுவுறீங்களா?"

"மீன் செத்தாத்தான்க்கா எனக்குச் சோறு."

அந்த நேர்மை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மேசைக்கு அடியில் முந்தைய பாப்பா விட்டுப்போன ஒற்றைச் செருப்பு இன்னும் கிடந்தது. யார் அவள், எதற்குப் போனாள், ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களும் இல்லை.

"இனிமே புது மீன் வேண்டாம்," என்றாள். "கழுவவும் வேண்டாம். இருக்கிற அஞ்சும் இருந்தா இருக்கட்டும். தண்ணியைச் சோதிச்சுப் பாக்கறதுக்கு ஏதோ மருந்து உண்டாமே, அதைக் கொண்டாங்க."

ஆரம்பமே சொதப்பல். தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு வழவழவென்று இருந்தது. வாய்க்குள் போகிற கருவிகளையே நீராவிப் பெட்டியில் போட்டுத்தானே சுத்தம் செய்கிறார்கள் என்று, பாசத்தோடு பஞ்சையும் அதற்குள் வைத்துவிட்டாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்குத்தான் இந்தப் புத்தி வரும். கொஞ்சநஞ்சம் வளர்ந்திருந்த கிருமியும் வெந்து தீர்ந்தது. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக நின்றது. அந்த வாரமே இரண்டு மீன்கள் போய்ச் சேர்ந்தன. மிச்சம் மூன்று. அன்று கழிப்பறைக்குள் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். குழாய்த் தண்ணீரை முந்தின நாளே வாளியில் பிடித்து மேசைக்கு அடியில் வைப்பாள், குளோரின் போகட்டும் என்று. தினமும் தொட்டியிலிருந்து ஒரு பங்கை எடுத்துவிட்டு அதை ஊற்றுவாள். தீனியைக் கிள்ளித்தான் போடுவாள். நீலமாகப் பளிச்சென்றிருந்த தண்ணீர், கழுவாமல் விட்டதில் கஞ்சி மாதிரி கலங்கியது.

"என்னங்க, தொட்டி இப்படி அழுக்கா இருக்கு?" என்று வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள்.

"அழுக்கு இல்லைங்க, பழகுது," என்பாள்.

பல் வரிசை கட்ட வாராவாரம் வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். "ஏம்மா, அந்த வால் கிழிஞ்சது போன வாரமும் இருந்துச்சே? அதே மீனா?"

"அதே மீன்தான் சார்."

"அட! இந்தக் கடையில ஒண்ணை ரெண்டாவது தடவை பாக்கறது இதுதான் முதல் தடவை." அவர் அதற்குக் 'கிழிசல்' என்று பெயர் வைத்தார். பிறகு வந்தவுடன் டாக்டரைக் கேட்பதற்கு முன் கிழிசலைக் கேட்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

சோதனைக் குழாயில் பச்சை இறங்கி மஞ்சளானது. ஆனால் நைட்ரைட் என்ற அடுத்த விஷம் தலைதூக்கி, இன்னொரு குழாய் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. அதற்கும் தண்ணீர் மாற்றினாள். ஒரு காலையில் மீன்காரர் பை இல்லாமல் வந்து, ஈரத் துணியில் சுற்றிய எதையோ நீட்டினார். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்ற பழம்பஞ்சு.

"என் கடைத் தொட்டியில ரொம்ப நாளா ஊறினது. அழுக்குன்னு நினைக்காதீங்க, அத்தனையும் உயிரு. இதை அந்த நீராவிப் பெட்டியில போட்டீங்க, அப்புறம் நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

"உங்க சோறு?"

"தீனி வித்துப் பிழைச்சுக்கறேன்க்கா."

அந்தச் சமயம் பார்த்துத்தான் டாக்டருக்கு விளம்பர ஆசை வந்தது. சனிக்கிழமை படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள், தொட்டி நிறைய மீன் வேண்டும் என்றார்.

"இப்ப புது மீன் விட்டா விஷம் ஏறிடும் டாக்டர். மூணும் சேர்ந்து செத்துடும்."

"எனக்கும் தெரியும் பாப்பா, அமோனியா, நைட்ரைட் எல்லாம். அதுக்கு மாசக்கணக்குல ஆகும். எட்டு மீன் வாங்க அஞ்சு நிமிஷம்."

தெரியாமல் செய்கிறவரென்றால் எடுத்துச் சொல்லித் திருத்தலாம். இவர் எல்லாம் தெரிந்தவர். அங்கேதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை அவரே யாரையோ அனுப்பிப் பையில் மீன்களை வரவழைத்துவிட்டார். காத்திருக்கும் அறை நிறைய ஆட்கள். அவள் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். இந்த வேலை போனால் மகளுடைய படிப்பு அந்தரத்தில் தொங்கும், அது அவளுக்குத் தெரியாதா?

உள்ளே ஒரு வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு டாக்டர் வெளியே வந்தார். "பாப்பா, விடு உள்ள."

"விடமாட்டேன்."

"நீ விடலன்னா, திங்கக்கிழமை வேற பாப்பா வந்து விடுவா."

"அப்ப ரெண்டையும் ஒரே பையில வாங்கிட்டு வந்துடுங்க டாக்டர், செலவு மிச்சம்."

அப்போது கழுத்தில் காகிதத் துண்டு தொங்க, மரத்துப்போன வாயோடு கண்டக்டர் சிகிச்சை அறையிலிருந்து வெளியே வந்தார். கிழிசலைக் காட்டினார். தன் வாயைக் காட்டினார். இறுக்கி மூடிக்கொண்டார். பாதி ராவிய பல் உள்ளே இருந்தது. டாக்டர் கெஞ்சியும் அந்த வாய் திறக்கவில்லை. பையைக் கொண்டுவந்த ஆள், யாரும் சொல்லாமலே திரும்பிப் போனான். மூன்று மீன்களோடுதான் படம் எடுத்தார்கள்.

"திங்கக்கிழமை பாத்துக்கறேன்," என்றார் டாக்டர்.

சொன்னபடி திங்கட்கிழமை ஓர் இளம்பெண் சான்றிதழ்ப் பையோடு வந்து உட்கார்ந்தாள். பார்த்தவுடன் புரிந்தது, அடுத்த பாப்பா. அவளுக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. தண்ணீர் கொடுத்தாள். பிறகு வழக்கம்போல் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தை விட்டுக் குலுக்கினாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"இது கத்தரிப்பூ நிறமாச்சுன்னா விஷம். வானநீலமா நின்னா பொழைச்சுக்கிச்சு."

உள்ளிருந்து குரல் வந்தது. "பாப்பா!"

அந்தப் பெண் சட்டென்று எழுந்தாள். அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள் இவள். "உன் பேரா அது?"

"இல்லக்கா."

"அப்ப உக்காரு."

"பாப்பா!"

இரண்டு பேரும் அசையவில்லை. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தாள். வானநீலம். அப்பழுக்கில்லாத வானநீலம். தொட்டிக்குள் கிழிசல் அரைகுறை வாலை வீசித் திரும்பியது.

"பாப்பா! காது கேக்கலையா?" டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி நேராக நின்றாள், நெஞ்சை நிமிர்த்தி, பெயர் அட்டை தெரியும்படி. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துக் கூட்டுகிறவர்போல அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார்.

"சொல்லுங்க டாக்டர்," என்றாள்.

"அடுத்தவங்கள... அனுப்புங்க."

"அனுப்பறேன். இவங்க வேலைக்குன்னு வந்திருக்காங்க. பேரைக் கேட்டுட்டுப் பேசுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் எழுந்து நின்று, அறை முழுக்கக் கேட்கும்படி, தன் பெயரைச் சொன்னாள்.