கல் மேல் போட்ட பழி

கதிரவன் இறந்த பிறகு அவனுடைய நீலக்கல் மோதிரத்தை வீட்டில் யாரும் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்ததை அவன் மனைவி மலர்விழி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். அன்றிலிருந்து மாமியார் ராமக்காள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.

தருமபுரி பக்கம் இண்டூரில் அவர்கள் வீடு சாலையை ஒட்டி இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் தோட்டத்திலிருந்து திரும்பும் கதிரவன் இரும்புக் கேட்டில் மோதிரத்தால் ரெண்டு தட்டு தட்டுவான். அந்தச் சத்தம் இப்போதும் வந்தது. மலர்விழி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் கேட் சாத்தியபடியே இருக்கும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ராமக்காளும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

மோதிரம் மலர்விழியின் பிடிவாதத்தால் வந்தது. தோட்டத்தில் போர்வெல் போட்ட இடமெல்லாம் தண்ணீர் வராமல் புகையாகவே வந்தபோது, சனி நடக்கிறது, நீலம் போட்டால் சரியாகும் என்று ஜோசியர் சொன்னார். "நீலம் சேந்தா தூக்கி உடும். சேரலன்னா ஆளையே அடிச்சிரும்" என்று ராமக்காள் பயந்தாள். கதிரவன் சிரித்தான். மலர்விழிதான் அவனைத் தருமபுரியில் ஒரு நகைக்கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்காரர் சென்னப்பன் மோதிரத்தோடு கல்லைச் சோதித்த லேபின் அட்டையும் கொடுத்தார். கல்லின் படம், அளவு, எண், கீழே 'இயற்கை நீலம், சூடேற்றப்படாதது' என்று ஒரு வரி. மலர்விழி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். தினமும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவள். அட்டையிலிருந்த முத்திரையைப் பார்த்ததும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த மாதமே, பைக்கில் வந்துகொண்டிருந்த கதிரவனை ஒரு லாரி இடித்துவிட்டு நிற்காமல் போனது.

"கல்லு புடிச்சிக்கிச்சி" என்றாள் ராமக்காள். மலர்விழியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று மலர்விழிக்கு இருந்தது.

ஆடி அமாவாசை நெருங்கியபோது ராமக்காள் அறை வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னாள். "மலரு, அத ஒகேனக்கல்ல ஆத்துல உட்டுட்டு வந்துரு. வூட்ல வேணாம்."

மலர்விழி டப்பாவைத் திறந்தாள். மோதிரத்துக்கு அடியில் கடைக்காரர் கொடுத்த அட்டை இருந்தது. எந்தக் கல் அவனைக் கொன்றது என்று ஒருமுறையாவது படித்துவிட வேண்டும்போல் இருந்தது. அட்டையின் எண்ணை லேபின் இணையதளத்தில் போட்டாள். அதே எண், அதே படம், அதே விவரம். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஸ்கேலை எடுத்து மோதிரத்தின் மேல் வைத்தாள். அட்டையில் போட்டிருந்ததைவிடக் கல் நீளம் குறைவு. திருப்பி வைத்து அளந்தாள். குறைவுதான்.

லீவு போட்டு ரயிலேறி பெங்களூர் போனாள். கடைக்குச் சம்பந்தமில்லாத வேறொரு லேபில் மோதிரத்தைக் கொடுத்தாள். சோதித்த பெண் யுவராணி, ஓசூர்க்காரி. மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள்.

"உள்ள நிறம் வில்லாட்டம் வளைஞ்சி போகுது பாருங்க. பூமியில வெளைஞ்ச கல்லுல இப்பிடி வளையாது. இது உலையில உருக்கிச் செஞ்சது."

"அப்ப அந்த ரிப்போர்ட் பொய்யா?"

"ரிப்போர்ட் நெசந்தாங்க. ஆனா அது வேற கல்லோடது. லேப் நல்ல லேபான்னு எல்லாரும் பாக்கறாங்க. இந்த அட்டை இந்தக் கல்லோடதுதானான்னு யாரும் பாக்கறதில்ல."

வேலைக்குப் புதிதாகச் சேரும் பெண்களிடம் மலர்விழி முதலில் சொல்வதும் அதுதான்: குழாயில் இருக்கும் பேரும் ஃபாரத்தில் இருக்கும் பேரும் ஒன்றா என்று பார். இங்கே ஒருவர் ரத்தத்துக்கு இன்னொருவர் பேரை ஒட்டியிருந்தார்கள்.

மறுநாள் புது ரிப்போர்ட்டையும் பழைய அட்டையையும் எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போனாள். சென்னப்பன் அதைப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எங்கியோ மாறிப் போயிருக்குதுங்க. ஒரிஜினலே தந்துடறன். சாருக்குப் போட்டப்பறம் நல்லா இருக்குதுங்களா?"

"அவர் செத்துட்டாருங்க."

சென்னப்பனின் கை பழைய அட்டையை நோக்கி நகர்ந்தது. மலர்விழி அதை முந்தி எடுத்துக்கொண்டாள்.

"இந்த அட்டையோட கல்லு எங்கங்க?"

அங்கிருந்து நேராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போய், இரண்டு ரிப்போர்ட்டின் நகலையும் இணைத்துப் புகார் கொடுத்தாள். வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது.

ராமக்காளுக்குப் புரியும்படி சொல்ல நேரம் பிடித்தது.

"அப்ப அது சனியோட கல்லே இல்லியா?"

"இல்லைங்க அத்தை. ஃபேக்டரில செஞ்சது. நல்லதும் பண்ணாது, கெட்டதும் பண்ணாது."

அப்போது கேட்டில் சத்தம் வந்தது. இரண்டு தட்டு. மலர்விழி திரும்பவில்லை. ராமக்காள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"உனக்கும் கேக்குதா?"

"தெனமும் கேக்குதுங்க."

ராமக்காள் எழுந்து, இத்தனை நாள் நுழையாத அறைக்குள் போய் மகனின் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப எம் மவன யாரு கொன்னது?"

அந்த லாரி இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மலர்விழிக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததோடு சரி, அவர்கள் திரும்பிப் போய்க் கேட்கவே இல்லை. பழி போட ஒரு கல் இருந்தது.

"பால்காரரு பாத்தாராம்" என்றாள் ராமக்காள், தரையைப் பார்த்தபடி. "லாரி கதவுல மயிலு படம் போட்டிருந்துச்சாம். காரியத்தன்னிக்கே சொன்னாரு. கல்லே அடிச்சப்பறம் லாரி என்னாத்துக்குன்னு உட்டுட்டன். உங்கிட்டகூடச் சொல்லல."

மலர்விழி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை இருவருக்கும் ஒன்றாகவே வந்தது.

காலையில் பால்காரரையும் அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ரைட்டர் என்ன விஷயம் என்று கேட்டார். மலர்விழி வாயைத் திறப்பதற்குள் ராமக்காள் மேஜையருகே போய் நின்றாள்.

"எம் மவன் பேரு கதிரவன்ங்க" என்று ஆரம்பித்தாள்.