தலால் வீட்டிலிருந்து வராத அழைப்பு

1

இந்தக் கதை, வராத ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

எங்கள் பகுதியில் அரசாங்கக் கரண்ட் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வந்தால் அதிகம். மீதி நேரத்துக்கு ஜெனரேட்டர்க்காரரிடம் சந்தா. பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து ஆம்பியர். வாட்டர் ஹீட்டரைப் போட்டதை மறந்து வாஷிங் மெஷினையும் போட்டால், தெருமுனைப் பெட்டிக்குள் அந்த வீட்டு பிரேக்கர் விழுந்துவிடும். உடனே போன். "மதாம், எங்களுது விழுந்துடுச்சு! சீக்கிரம் தூக்கிவிடச் சொல்லுங்க, தலையெல்லாம் சோப்பு!" ஜெனரேட்டர் ஆபீசில் அந்தப் போனை எடுப்பவள் நான்.

ஐந்து ஆம்பியர் வீடு என்றால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அழைப்பார்கள். தலால் வீடு எங்களிடம் மாறி வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஒரு தடவைகூட அழைக்கவில்லை.

மாலை வகுப்பில் ஆசிரியர் ஃபுவாத், "உங்க நாட்குறிப்புல ஒரு பக்கத்தை எடுங்க. அதுல இருக்கிற 'நான்'ஐ வெளியே அனுப்பிட்டு, வேற ஒருத்தர் மனசுக்குள்ள போய் எழுதிட்டு வாங்க" என்றார். நான் தலாலின் மனசுக்குள் போனேன். ஏன் தலால் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். (முதலில் ஆறாம் பகுதியில் சொல்வதாக இருந்தேன். அவ்வளவு நேரம் தாங்க முடியாது.)

2

முதல் தொடக்கம்: "அன்று தலாலின் வீட்டுக்குப் புது வெளிச்சம் வந்தது." அடித்துவிட்டேன். விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "பொறாமை என்பது ஒரு" — அதற்கு மேல் போகவில்லை. ஒரு என்ன?

மூன்றாவது நிற்கிறது:

ஜெனரேட்டரை மாற்றுவதில் தலாலுக்கு இஷ்டமே இல்லை. பழைய ஜெனரேட்டர்க்காரர் அபூ நிம்ர் மதியம் ஒரு மணிக்கு இயந்திரத்தை அணைத்துவிட்டு ஐந்து மணிக்குத்தான் போடுவார். ஆகஸ்ட் மாதம், மூன்றாம் மாடி, மேலே மொட்டை மாடி. பொதுவாக ஒரு தெரு ஒரே ஆளுக்குத்தான் சொந்தம். வசந்த காலத்தில் அடுத்த தெரு ஜெனரேட்டர்க்காரன் ஹைதம் இரண்டாவது இயந்திரம் வாங்கி, எதிர் வரிசை வரைக்கும் வயர் இழுத்துவிட்டான். அதனால் இவர்கள் தெருவில் மட்டும் இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாகிவிட்டது.

"ஹைதம் வயரு நம்ம வீட்டுக்குள்ள வரணுமா?" என்றான் தலால்.

"வயருதானே வருது? அவனா வர்றான்?" என்றாள் அவன் மனைவி ஜுமானா.

ஆறு வருடங்களுக்கு முன் ஜுமானாவுக்கும் ஹைதமுக்கும் நிச்சயமாகியிருந்தது. எட்டு மாதம் அவன் மோதிரத்தைப் போட்டிருந்துவிட்டு அவளே கழற்றிக் கொடுத்தாள். தெருவில் இது தெரியாதவர்கள் இல்லை.

"அபூ நிம்ர் நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான். அவரையே கூப்பிட்டு உட்கார வச்சு விசிறச் சொல்லு."

அபூ நிம்ர் வந்து தன் வயரை வெட்டிச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். "போறீங்களா, போங்க. நாளைக்கு அந்தப் பையனோட மெஷின் இழுத்துக்கிட்டுக் கிடக்கும்போது என் வாசலுக்கு வராதீங்க." தலாலுக்கு அவர் பின்னாலேயே இறங்கிப்போய் அந்த வயரை வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

3

புது வயரில் மின்விசிறி சுற்றியது. ஜுமானா அதன் கீழே கண்ணை மூடி, கழுத்தை உயர்த்தி நின்றாள். ஹைதமின் காற்று, என்று தலால் நினைத்தான். குளிர்பெட்டியிலிருந்து அவள் தண்ணீர் எடுத்துக் குடித்தபோது, அவன் குளிர்ச்சி என்று நினைத்தான். தனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் தண்ணீர் குடிக்கப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் பிரேக்கர் விழும். அன்றைக்கு யாராவது அங்கே போன் செய்தாக வேண்டும். ஜுமானா செய்வதற்குள் தானே செய்துவிட வேண்டும் என்று ஆபீஸ் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்துக் காத்திருந்தான். விழவில்லை. இரண்டாம் வாரமும் விழவில்லை. அபூ நிம்ரிடம் இருந்தபோது கெட்டில் போட்டாலே விழுந்துகொண்டிருந்த வீடு.

ஞாயிற்றுக்கிழமை ஹீட்டரையும் வாஷிங் மெஷினையும் சேர்த்துப் போட்டான். விளக்கு சிமிட்டக்கூட இல்லை. மறு ஞாயிறு, கூடவே இஸ்திரிப் பெட்டி.

"சட்டையெல்லாம் மெஷினுக்குள்ள சுத்துது. நீ எதை இஸ்திரி போடுற?"

"சும்மா, சூடு பண்ணி வைக்கிறேன்."

"நாலு வருஷத்துல ஒரு கைக்குட்டை தேச்சதில்ல. என் கண்ணு, உனக்குக் காய்ச்சல் ஏதும் இருக்கா?"

கெட்டிலையும் போட்டான். நான்கும் ஓடின. விளக்கு அப்படியே எரிந்தது. இவ்வளவு வெளிச்சம் யாருக்காக, என்று தலால் நினைத்தான்.

(வகுப்பில் இதை வாசித்தபோது ஆசிரியர் ஃபுவாத் நிறுத்தினார். "ஒரு மனுஷன் வெளிச்சம் போகலையேன்னு கவலைப்படுவானா? நம்பும்படியா இல்லையே." நம்பும்படி இல்லைதான். அவர் வீட்டுக்குப் பத்து ஆம்பியர்.)

4

இனி 'நான்'ஐ வெளியே நிறுத்திவைக்க முடியாது. ஹைதம் என் கணவர். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது.

கதையில் தலால் படுகிற பாட்டில் பாதி என்னுடையது. போன் மணி அடிக்கும்போதெல்லாம் ஜுமானாவோ என்று கை முந்திக்கொண்டு ஓடியது. அது அவள் இல்லை என்று தெரிந்ததும் முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் வாரம் அந்த நிம்மதியே உறுத்த ஆரம்பித்தது. ஐந்து ஆம்பியரில் ஒரு பெண் இவ்வளவு கவனமாகக் குடும்பம் நடத்துவாளா? ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் துணி போடுவாளா? என்னாலேயே முடியாதே!

நாலாம் வாரம் தெருமுனைப் பெட்டியின் சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்து பார்த்தேன். தலால் வீட்டு பிரேக்கரில் இருபது என்று போட்டிருந்தது. அவர்கள் சந்தா ஐந்துக்கு.

அதே வாரம் சேர்ந்த இன்னும் இரண்டு வீடுகளையும் பார்த்தேன். இரண்டும் ஐந்து.

ஹைதமிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அஞ்சு ஆம்பியர் பிரேக்கர் கையில இருக்கா?"

"பெட்டி நிறைய இருக்கு. நடுவுல ஒரு நாள் தீர்ந்துபோச்சு. ஏன், யாராவது புதுசா சேர்றாங்களா?"

"இல்ல, சும்மா."

"நீ சும்மாவும் கேட்க ஆரம்பிச்சுட்டியா?" என்று சிரித்தபடி என் தட்டிலிருந்து ஒரு ஆலிவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நடுவில் ஒரு நாள். எந்த நாள்? கேட்கவில்லை. அந்த ஒரு நாள் தலால் வீட்டில் வயர் இழுத்த நாளாக இருந்தால் எல்லாம் முடிந்தது. இல்லையென்றாலும் எல்லாம் முடிந்தது.

5

இந்தப் பகுதி புனைவு இல்லை. செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. தலால் ஆபீசுக்கு வந்தார்.

"மதாம், ஒரு புகார்."

"சொல்லுங்க."

"எங்க பிரேக்கர் விழவே மாட்டேங்குது."

நான் பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

"இது புகாரா, அண்ணே? ஊர்ல எல்லாரும் விழுதுன்னு வர்றாங்க."

"அதனாலதான் கேக்குறேன். நாலு சாமானை ஒண்ணாப் போட்டுப் பாத்தேன். ஹீட்டர், மெஷின், இஸ்திரி, கெட்டில். அசையல. இது என்ன கணக்கு?"

"புது வயரு. அப்படித்தான் இருக்கும்."

"எல்லாருக்கும் அப்படித்தானா?"

பேனாவை மூடி வைத்தேன். சுவரில் தொங்கும் சாவிக்கொத்தை அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ, குரல் இறங்கிவிட்டது.

"உங்களுக்கும் தெரியாதா, மதாம்?"

"தெரியாது."

"சரி," என்றார். "நான் வந்ததை யார்கிட்டயும் சொல்லாதீங்க." வாசல் வரை போய்த் திரும்பி, "யார்கிட்டயும்," என்றார்.

6

முடிவுகள்.

அ. இருபதை எடுத்துவிட்டு ஐந்தைப் போடுகிறேன். எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியும். மெயினை இறக்கிவிட்டு இரண்டு திருகைத் தளர்த்தினால் போதும். அடுத்த ஞாயிறு தலால் வீட்டில் விளக்கு போகும். அவர் அன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவார். ஆனால் எல்லா நாளும் ஞாயிறு இல்லை. அவர் வேலைக்குப் போயிருக்கும் ஒரு மதியம் ஜுமானா இங்கே அழைப்பாள். நான் குளியலறையிலோ வகுப்பிலோ இருப்பேன். ஹைதம் எடுப்பார். வாரத்துக்கு இரண்டு தடவை, ஆயுள் முழுக்க.

ஆ. இருபது அப்படியே இருக்கட்டும். போன் வராது. ஆனால் கேட்காமல் கொடுத்த ஒன்று அவள் வீட்டில் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். எனக்குக் கேட்டும் —

[இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன்.]

இ. நேராகக் கேட்டுவிடுகிறேன். ஆசிரியர் ஃபுவாத்துக்கு இதுதான் பிடிக்கும். ஹைதம் ஆமாம் என்றால் நான் என்ன செய்வேன், இல்லை என்றால் எப்படி நம்புவேன் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே பத்திதான் வந்தது.

வகுப்பு ஆறரைக்கு. இப்போது ஆறு அடிக்க ஐந்து நிமிடம். பெட்டியைத் திறந்து அதன் முன்னால் நிற்கிறேன். வலது கையில் திருப்புளி, இடது கையில் ஐந்து ஆம்பியர் பிரேக்கர். மூன்றாம் மாடி பால்கனியில் தலால் சட்டை காயப் போடுகிறார். கீழே பார்த்துவிட்டார். என் கையையும் பார்த்துவிட்டார்.

அவர் கூப்பிடவில்லை. ஈரச் சட்டையைக் கொடியில் போட்டபடி, தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். மாற்றுங்கள் என்றும் இருக்கலாம், வேண்டாம் என்றும் இருக்கலாம். இவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஜுமானாவின் குரல்.

"கீழே யாரு, தலால்?"

அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்துவிட்டால் எந்த முடிவும் என் கையில் இருக்காது. ஆகவே அவரை அப்படியே, துணிக் கிளிப்பை வாயில் கவ்வியபடி, நிறுத்திவைத்துவிட்டு வகுப்புக்குக் கிளம்புகிறேன். பெட்டியைப் பூட்டவில்லை. திருப்புளியையும் ஐந்து ஆம்பியர் பிரேக்கரையும் உள்ளேயே வைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் நீங்கள் எதைப் போட்டாலும் சரி, ஒரே ஒரு நிபந்தனை: அதற்குப் பிறகு ஆபீசில் போன் அடித்தால், ஹைதமுக்கு முன்னால் ஓடிப்போய் எடுக்க வேண்டியவர் நீங்கள்.