பெயர் மாறாதவள்

இன்றைக்குக் கேட்டுவிடுவாள். கேட்காமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கேட்காமலே விட்டுவிட்டாள் என்றாலோ, அதைத் தாங்க முடியாது.

இப்படி நினைத்தபடியே சிகாங் பானைச் சோற்றை மரத்துடுப்பால் மசித்துக்கொண்டிருந்தாள். அடுப்பின் மறுபக்கம் தங்கை மகள் டோரின், நான்கு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். நேற்றுத்தான் மிரி நகரத்திலிருந்து சின்ன விமானத்தில் வந்து இறங்கியிருந்தாள். வந்ததிலிருந்து பெரியம்மாவின் முகத்தைப் பார்ப்பதும், எதையோ சொல்ல வாயைத் திறப்பதும், "காப்பி போடட்டுமா?" என்று கேட்டு மூடிக்கொள்வதுமாக இருந்தாள்.

கேட்கப்போவது என்ன என்று சிகாங்குக்குத் தெரியும். டோரினின் அப்பா பலாங் வாயில் எதுவும் தங்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து செருப்பைத் தேடும்போதே உளறிவிட்டான்.

"மதினி, நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. விருந்தன்னைக்கு ரினாய் இடத்துல உங்களைத்தான் நிக்கச் சொல்லப்போறா. கேக்கறப்போ இப்பத்தான் கேள்விப்படற மாதிரி முகத்தை வச்சுக்கங்க. இல்லேன்னா என்னைக் கொன்னுடுவா."

"உன் முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும். என் முகம் எதுக்கு?" என்று அவள் சிரித்து அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்த மேட்டுநிலத்துக் கெலாபித் மக்களிடம், தலைப்பிள்ளை பிறந்ததும் பெற்றவர்களின் இளமைப் பெயர் போய்விடும். எருமையும் பன்றியும் அடித்து, பள்ளத்தாக்கு முழுவதையும் கூப்பிட்டுச் சோறு போட்டு, புதுப் பெயரை எல்லோர் முன்னாலும் அறிவிப்பார்கள். முதன்முதலாகத் தாத்தா பாட்டி ஆனவர்களும் அதே மேடையில் ஏறி, இன்னொரு பெயரை ஏற்றுக்கொண்டு இறங்குவார்கள். அதற்குப் பிறகு பழைய பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால், ஒன்று கேலி, இல்லையென்றால் மரியாதைக் குறைவு. டோரினுக்கும் அவள் கணவனுக்கும் இது முதல் குழந்தை. அவளுடைய அண்ணன் இன்னும் கல்யாணமே செய்துகொள்ளாததால் பலாங்குக்கும் இதுதான் முதல் பேத்தி. அவன் பக்கத்தில் நிற்கவேண்டிய ரினாய், டோரினைப் பெற்றவள், சிகாங்கின் கூடப்பிறந்த தங்கை, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சிகாங்கோடு சின்ன வயதில் ஆற்றில் இறங்கி மீன் துழாவியவர்கள் எல்லோரும் இரண்டு முறை பெயர் மாறிவிட்டார்கள். அவள் மட்டும் பிறந்தபோது வைத்த பெயரிலேயே ஐம்பத்தெட்டு வயதுக்கு வந்துவிட்டாள்.

"பெரியம்மா, அவங்க ரெண்டு பேரும் வந்து உக்காந்துட்டாங்க."

மசித்த சோற்றை அகன்ற இலைகளில் வைத்து மடித்து, சூடு ஆறாமல் கூடையில் அடுக்கிக்கொண்டு சிகாங் கூடத்துக்குப் போனாள். விடுதி என்று பெயர்ப்பலகை சொன்னாலும் அது அவளும் கணவன் அகானும் கட்டிய பலகை வீடுதான். வயலைப் பார்த்த நீளமான கூடம், அதை ஒட்டி ஐந்து அறைகள். தங்க வருகிறவர்கள் அவள் சாப்பிடுவதையே சாப்பிடுவார்கள். இந்த முறை பினாங்கிலிருந்து இரண்டு சகோதரிகள், அக்கா பெக் கிம், தங்கை பெக் ஹூன். இரண்டு பேருக்கும் எழுபது வயதுக்கு மேல். முதல்நாள் இலைப்பொட்டலத்தைப் பிரித்ததும் பெக் ஹூன், "என்னடி இது, கஞ்சின்னா தண்ணி பத்தல, சோறுன்னா தண்ணி ஜாஸ்தி" என்றாள். நான்காம் நாளான இன்று, கூடை வந்து சேருமுன்பே கையை நீட்டினாள்.

"எனக்கு மூணு. இவளுக்கு ஒண்ணு போதும், இவளுக்குச் சர்க்கரை."

"சர்க்கரை எனக்கா உனக்காடி? நேத்து அந்த அன்னாசிப்பழத்தை முழுசா முடிச்சது யாரு?"

நார் நாராக இடித்து வதக்கிய மான் கறி, காட்டுக்கீரை, இஞ்சிப்பூ போட்டு வேகவைத்த மீன். தொட்டுக்கொள்ள, உவர் ஊற்றின் நீரைக் காய்ச்சி எடுத்த உப்பு. சாப்பிட்டு முடித்ததும் பெக் கிம் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, எங்க பேரு எங்கே? கிளம்பற அன்னைக்குத் தருவேன்னு சொன்னியே."

கிளம்புகிற விருந்தாளிக்கு ஒரு பெயர் வைத்து அனுப்புவது அந்த ஊரில் தங்குவிடுதி நடத்துகிற எல்லோருக்கும் வழக்கம். சிகாங் வைக்கிற பெயர்களுக்குத் தனி மதிப்பு. அவள் ஆளைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள்.

"சின்னப் பிள்ளைங்க பேர் வைக்காதே. எங்களுக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு" என்றாள் பெக் ஹூன்.

"பாட்டிப் பேராவே வைக்கறேன்." சிகாங் அக்காவைப் பார்த்தாள். "நீங்க ரிபு புலான்." தங்கையைப் பார்த்தாள். "நீங்க அரான் தயாங்."

இருவரும் அந்தப் பெயர்களை வாயில் போட்டு உருட்டினார்கள். ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுப் பார்த்தார்கள். கை தட்டினார்கள். பலாங் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, இரண்டு பேருடைய கையையும் பிடித்துக் குலுக்கி, புதுப்பெயர்களை உரக்கச் சொன்னான். அப்படித்தான் செய்யவேண்டும்.

"உனக்கு எத்தனை பேரு மாறிச்சு?" என்று பெக் ஹூன் சிகாங்கைக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அதுவே இன்னும் தேயல."

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையோடு கதவோரம் நின்ற டோரின் சிரிக்கவில்லை.

"கிளம்புங்க பாட்டிமாரே" என்றான் பலாங். "மேகம் இறங்கிட்டா பிளேன் வராது. அப்புறம் ரெண்டு நாளைக்கு இதே சோறுதான். அங்க போனா பெட்டியோட உங்களையும் தராசுல ஏத்துவாங்க, இப்பவே சொல்லிட்டேன்."

"பேரையும் சேர்த்தா எடை போடுவாங்க?" என்றாள் பெக் கிம்.

வண்டி வயலைச் சுற்றிக்கொண்டு போவதைச் சிகாங் பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர் வாங்கிக்கொண்டு போகிறவர்களுடைய சந்தோஷம் பொய்யில்லை. கொடுக்கிற அவளுடைய அன்பும் பொய்யில்லை. ஊர் எல்லை தாண்டியதும் அந்தப் பெயரால் கூப்பிட யாரும் இருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

டோரின் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்த நடை ரினாயின் நடை. பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பில் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு.

இதே டோரினை ரினாய் ஒருமுறை சிகாங்கிடம் கொடுத்திருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷம் சிகாங்குக்குப் பிள்ளையில்லாமல் இருந்தபோது, ரினாய்க்கு இரண்டாவதாகப் பிறந்தவள் இவள். "எனக்குத்தான் ஒருத்தன் இருக்கானே, இவளை நீ வச்சுக்க அக்கா" என்று ரினாய் சொன்னதில் அதிசயம் ஒன்றுமில்லை. அங்கே பாதி வீடுகளில் அப்படி வளர்ந்த பிள்ளைகள் உண்டு. வளர்த்தவளுக்கும் விருந்து உண்டு, பெயர் உண்டு. யார் சோறு ஊட்டினார்களோ அவர்கள்தான் பெற்றவர்கள். சிகாங் குழந்தையைத் துணியில் முதுகோடு கட்டிக் கொண்டுவந்தாள். மூன்று வாரம் இந்த வீட்டில் வைத்திருந்தாள். அகான் சிரிப்பை அடக்கத் தெரியாமல் நடமாடினான்.

அப்போதுதான் விடுதியின் முதல் விருந்தாளிகள் வருவதாகச் சேதி வந்தது. ஒன்பது பேர். கூரை பாதி வேயவில்லை. குழந்தை இரவெல்லாம் அழுதது. அவர்கள் போகும்வரை நீ வைத்திரு என்று ரினாயிடம் கொண்டுபோய் விட்டாள். அவர்கள் போனார்கள், வேறு சிலர் வந்தார்கள். அறுவடை முடியட்டும் என்றாள். புது அறை கட்டி முடியட்டும் என்றாள். ரினாய் இரண்டு முறை கேட்டாள், பிறகு கேட்கவில்லை. அதற்குள் பிள்ளை தாயின் முகத்துக்குப் பழகிவிட்டது. வேண்டாம் என்று சிகாங் ஒருநாளும் சொன்னதில்லை. அப்புறம் என்றுதான் சொன்னாள். சொல்லிச் சொல்லி, எந்த நாளில் அது வேண்டாம் என்று ஆனது என்பது அவளுக்கே தெரியாது. அகான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று, அவன் மறைந்த பிறகு, அவன்மேல் கூட அவளுக்குக் கோபம் வந்ததுண்டு.

அடுப்படிக்கு அவள் திரும்பியபோது குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. டோரின் மிச்ச இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா சொல்லிட்டாருதானே?" என்றாள் தலை நிமிராமல்.

"எதை?"

"நடிக்காதீங்க பெரியம்மா. நடிப்பு உங்களுக்கு வராது. அவருக்கும் வராது."

சிகாங் ஓர் இலையை எடுத்துத் தானும் துடைக்கத் தொடங்கினாள்.

"அப்பா தனியா நின்னா பாவமா இருக்கும்னு கேக்கல. எனக்காகக் கேக்கறேன். என்னை முதல்ல தூக்கிட்டு வந்தது நீங்க. அம்மா சொல்லுவா, 'உன்னை மூணு வாரம் வச்சுக் கொழுக்கவச்சுத் திருப்பிக் குடுத்தா உன் பெரியம்மா'ன்னு. சிரிச்சுட்டேதான் சொல்லுவா. அவளுக்கு உங்கமேல ஒண்ணும் கிடையாது."

"தெரியும்."

"அப்போ நில்லுங்க. ஊர்ல யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க. நான் பெரியவங்ககிட்ட கேட்டுட்டேன்." டோரின் குரலைத் தாழ்த்தினாள். "பேரு கூட இருக்கு. நாப்புங் உலுன்."

சிகாங் துடைத்த இலையையே மறுபடி துடைத்தாள்.

"பெரியப்பா ஒருநாள் அம்மாகிட்ட சொன்னாராம். நான் உங்ககிட்ட இருந்த அந்த மூணு வாரத்துல நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குன்னு பார்த்து வச்ச பேராம். அம்மா அதை யாருக்கும் விட்டுக்குடுக்கல. எங்க சித்தப்பா வீட்டு விருந்துல ஒருத்தங்க அதே பேரை வைக்கலாமான்னு கேட்டப்போ, 'அது எங்க அக்காவோடது'ன்னு சண்டை போட்டாளாம். சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிட்டுப் போனா."

அகானுக்கும் தனக்கும் மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தாள். அடுப்பு வெளிச்சத்தில், குழந்தை இருவருக்கும் நடுவில் கிடக்க, அவன் நாப்புங் என்றான், அவள் உலுன் என்று சேர்த்தாள். அகான் இறந்து சில வருஷம் கழித்து ஒரு கூட்டமாக வந்த விருந்தாளிகளுக்கு வரிசையாகப் பெயர் வைத்துக்கொண்டே வந்தவளுக்குக் கடைசியில் ஒரு பெயர் குறைந்தது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண், எங்கிருந்து வந்தவள் என்பதுகூட நினைவில்லை, ஆவலாக நின்றுகொண்டிருந்தாள். வாயில் வந்ததைச் சிகாங் சொன்னாள். நாப்புங் உலுன். எல்லோரும் கை தட்டினார்கள். இனி யாருக்கு அது என்றுதான் அப்போது நினைத்தாள். அதே வருஷங்களில் ரினாய் யாரோடோ சண்டை போட்டு அந்தப் பெயரைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அக்காவிடம் அதைப் பற்றி மூச்சுக்கூட விடாமல்.

இதைச் சொல்லிவிடலாமா என்று ஒருகணம் தோன்றியது. சொன்னால் டோரின் சிரித்து, அதனால் என்ன பெரியம்மா என்பாள். உண்மையாகவே அப்படித்தான் நினைப்பாள். பள்ளத்தாக்கு முழுவதும் வரும். வரிசையில் நின்று கையைக் குலுக்கும். புதுப்பெயரை உரக்கச் சொல்லும். எல்லோருக்கும் மனதார சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தை அவள் தினமும் பார்க்கிறாள். அதைத் தன் கையாலேயே செய்து கொடுக்கிறாள். தானும் அதை வாங்கிக்கொண்டு இறங்கினால், தனக்குள் இருக்கிற ஒருத்தி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"வேணாம்மா" என்றாள்.

"ஏன்? ஊர் ஏதாவது சொல்லும்னா?"

"ஊர் ஒண்ணும் சொல்லாது. அதான்."

டோரினுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கண் கலங்கியது. அதைப் பார்க்கச் சிகாங்குக்குப் பொறுக்கவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்துவிடும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது.

"அந்தப் பேரு பிடிக்கலேன்னா வேற பேரு பார்க்கலாம் பெரியம்மா."

"பேரு நல்ல பேருதான்." சிகாங் இலைகளைச் சேர்த்து நேராக்கினாள். "உங்கம்மா இடம் அப்படியே இருக்கட்டும். சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாது."

வெளியே பலாங்கின் வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டது. தூக்கத்தில் குழந்தை சிணுங்க, டோரின் குனிந்து அதை எடுத்தாள். வாசலுக்குப் போய், அங்கிருந்து திரும்பினாள்.

"இப்பவே சொல்லணும்னு இல்ல. ஒரு மாசம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்" என்றாள் சிகாங்.