படத்தில் வராத காட்சி

சீ! அந்தப் படத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

அதன் கதை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது நானும் தோழி கிருபையும் அதைக் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் தலையோடு தலை முட்டி வாசித்தோம். கதையில் சியாமளா என்றொரு பெண். பின்னாலேயே சுற்றும் பயலைக் கடைசி வாரத்தில் ஓர் அறை விட்டு, "உன்னைப் பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் பரீட்சை எழுதப் போய்விடுவாள். அவ்வளவுதான். நாங்கள் பஸ்ஸிலேயே கைதட்டினோம்.

படமெடுத்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பயல் அவள் டிபன் டப்பாவில் தவளையைப் போடுகிறான்; தியேட்டரே சிரிக்கிறது. அவள் பிடிக்கவில்லை என்கிறாள், விசில் பறக்கிறது. அறைகிறாள். அறைந்த கையாலேயே அவன் கன்னத்தைத் தடவி ஊட்டியில் பாட்டுப் பாடுகிறாள். த்தூ!

தோணியை ஓட்டிப்போகும் தண்டலாக இருந்த என் அப்பாவுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. சங்கு வியாபாரி மகன் கிளாட்வினுக்கு அதைவிடப் பிடித்துவிட்டது. ஒருநாள் பஸ்ஸில் கூட்டம்; உட்கார்ந்திருந்தவன் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் தயிர்ச்சோற்றுக்குள் உயிரோடு ஒரு நண்டு! அன்றைக்கு நான் பட்டினி.

வீட்டில் சொன்னேன். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏளா பிரகாசி, பய படத்துல வந்த மாதிரியேல்லா செய்யுதான்!"

அடுத்த வாரமே அவன் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள்.

"எனக்கு அவனப் பிடிக்கல."

"அந்தப் புள்ளையும் மொதல்ல இப்படித்தான சொல்லிச்சு" என்றாள் அம்மா.

அழுதேன். படத்தில் சியாமளாவும் அழுதாளாம். சாப்பிடாமல் கிடந்தேன். இடைவேளைக்கு முன்னால் அவளும் சாப்பிடவில்லையாம். கல்லூரிக்குப் போக வேண்டாம் என்றார்கள். கோயிலிலிருந்து கல்யாண ஓலை எழுத வந்த உபதேசியாரிடமும் இஷ்டமில்லை என்றேன். "வெக்கப்படுதா" என்றாள் அம்மா. அந்த மனுஷனும் சிரித்துக்கொண்டே எழுதினார். என்ன ஜென்மங்களோ!

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். முதல் ஞாயிறு சாமியார் எங்கள் பெயர்களை வாசித்து, "இவர்களுக்குள் விக்கினம் ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்றார். அந்த வரியை யாரும் காதில் வாங்குவதே இல்லை. அப்போதுதான் எல்லாரும் இருமிக்கொள்வார்கள்.

நான் எழுந்து நின்றேன்.

"இருக்கு சாமி."

"என்னம்மா விக்கினம்?"

"பொண்ணுக்கு இஷ்டமில்ல. பொண்ணு நான்தான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்து, "வெக்கம் சாமி, வெக்கம்" என்றாள். சாமியார் சிரிக்கவில்லை. பாவம், அவர் படம் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஓலையை மடித்துப் புத்தகத்துக்குள் செருகினார்.

"இனி இத வாசிக்க மாட்டேன்" என்றார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் கிளாட்வின் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன இப்படிச் செஞ்சிட்ட? படத்துல இப்படி வரலியே!"

"கதையில வந்துச்சுலே. போய் வாசி."

திங்கட்கிழமை காலை நான் கல்லூரிக்குக் கிளம்பினேன். அப்பா தடுக்கவில்லை. பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார்ந்திருந்த ஒருவர் கையை நீட்டினார். நான் பையைக் கொடுக்கவில்லை.